லைசென்ஸில் இருக்கும் தேதி

வணக்கம். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் பிள்ளையை அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க அனுப்பியிருக்கும் வீடுகள் இப்போது நிறைய. அந்த வீடுகளுக்காகத்தான் அங்கத்திய டிரைவிங் லைசென்ஸ் பற்றிய இந்தப் பேச்சு.

நம் ஊரில் முப்பது வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தால் நாற்பது வரை கவலை இல்லை. அங்கே அப்படி இல்லை. அடையாள அட்டைகளுக்காக 2005-இல் வந்த ரியல் ஐடி என்ற மத்திய அரசுச் சட்டத்தின்படி தரும் லைசென்ஸ், வெளிநாட்டு மாணவருக்கு அங்கே தங்க அனுமதி உள்ளவரைதான். பெரும்பாலும் கல்லூரி கொடுக்கும் ஐ-20 என்ற தாளில் உள்ள தேதிதான் கார்டிலும் ஏறும். பலர் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவைப் பார்த்து, இன்னும் வருஷக்கணக்கில் இருக்கிறதே என்று இருந்துவிடுகிறார்கள். அது நாட்டுக்குள் நுழைவதற்கு. லைசென்ஸுக்கு ஐ-20-ஐப் பாருங்கள். மறுபடி சொல்கிறேன், ஐ-20.

படிப்பு முடிந்தபின் 60 நாள் தங்கலாம். ஆனால் லைசென்ஸ் அதற்கு முன்பே காலாவதியாகியிருக்கலாம். அந்த நாட்டில் இருக்கலாம், ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

வேலைப் பயிற்சிக்கான ஓ.பி.டி.க்கு, படிப்பு முடிய 90 நாள் இருக்கும்போதே மனு போடலாம். அப்போதே போட்டுவிடுங்கள். வேலை அனுமதி கார்டு தாமதமானால் லைசென்ஸும் தாமதமாகும். கார்டு வந்ததும் பாஸ்போர்ட், புதிய ஐ-20, இணையத்தில் எடுத்த ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), சோஷியல் செக்யூரிட்டி கார்டு, முகவரிச் சான்று எல்லாம் சேர்த்து, லைசென்ஸ் தரும் அலுவலகமான டி.எம்.வி. போக வேண்டும். ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினல்.

இனி நம்மவர்களை வாட்டும் விஷயம், பெயர். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் பல பேருக்குக் காலி. பிள்ளை பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். அமெரிக்க விசாவில் அது அப்படியே குடும்பப் பெயராகப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் 'எப்.என்.யு.', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். ஐ-20-இல் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி கார்டில் இன்னொரு மாதிரி. டி.எம்.வி. கவுன்ட்டரில் தட்டச்சு செய்பவர் அந்த மூன்று எழுத்தை விட்டுவிட்டாலே போதும், 'சேவ்' என்ற மத்திய அரசுச் சரிபார்ப்பில் ஆள் பொருந்தாமல் போகலாம். பொருந்தினால் சில விநாடி வேலை. பொருந்தாவிட்டால் அதிகாரி கையால் பார்க்கும் வரிசைக்குப் போய் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் கிடக்கும்.

அதனால் போவதற்கு முன்னாலேயே எல்லாத் தாளையும் மேஜையில் பரப்பி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஐ-20-இல் பிழை என்றால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம்; ஐ-94 என்றால் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் (சி.பி.பி.) அலுவலகம். அப்படியும் சிக்கினால் கேஸ் நம்பர் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். அது இருந்தால் 'சேவ்' இணையதளத்தில் நிலவரம் பார்க்கலாம். தற்காலிக அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்றும் கேளுங்கள். சில மாநிலங்கள் தருகின்றன.

அடுத்த வருஷம் போகப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி, கல்லூரிக்கு மனு போடும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து மறுவெளியீடு வாங்கிவிடுவது. விசா குத்திய பிறகு மாற்றினால் பழைய பெயரும் புதுப் பெயரும் மோதும்.

எச்-1பி என்ற வேலை அனுமதி கிடைத்தவர்கள், அனுமதித் தாளின் அடியிலேயே புது ஐ-94 இருந்தால் அதைக் காட்டுங்கள். இணையத்தில் வருவது பழையதாக இருக்கும்.

நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நம் ஊர் லைசென்ஸ் பற்றி இரண்டே வார்த்தை. அது காலாவதியாகி ஒரு வருஷத்துக்குள் புதுப்பிக்க மனு போட வேண்டும், தாண்டினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடி வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். இன்டர்நேஷனல் பெர்மிட்டுக்கு ஆயுசு அதிகபட்சம் ஒரு வருஷம்தான், அதுவும் இங்கத்திய லைசென்ஸ் உயிரோடு இருந்தால் மட்டுமே. வணக்கம்.