முதலில் மதியச் சாப்பாட்டு மேசை: பிரான்சில் ஒரு நாள் உணவு, ஒயின் பயணம்

வணக்கம். பாரீஸ், லியோன், பொர்தோ மாதிரி பெரிய நகரத்தில் ஒரு வாரம் தங்குகிறவர்கள், அதில் ஒரு நாளை ஒதுக்கி, பக்கத்தில் இருக்கும் ஒயின் ஊர் ஒன்றுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு, ஒயினை வைத்துப் பக்குவப்படுத்தும் நிலவறைகளைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அதை எப்படித் திட்டமிடுவது என்று பேசத்தான் வந்திருக்கிறேன். எல்லோரும் எந்த ஊர், எந்தக் கம்பெனி, எந்த ஒயின் என்று ஆரம்பிக்கிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். மதியச் சாப்பாட்டுக்கு முதலில் மேசை பிடியுங்கள். அதன் நேரத்தை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் இருக்கிறது. பிரான்சின் சின்ன ஊர்களில் உணவகச் சமையலறை 12 மணிக்குத் திறக்கும், 2 மணிக்குள் மூடிவிடும். ஒன்றே முக்காலுக்குப் போய் நின்றால், காலி மேசைகள் கண்ணெதிரே இருந்தாலும், முடிந்துவிட்டது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மறுபடி அடுப்பு எரிவது ராத்திரி 7 மணிக்கு மேல்தான். நம் ஊரில் மூன்று மணிக்குக்கூட எங்காவது ஒரு பிளேட் சாப்பாடு கிடைத்துவிடும், அந்தப் பழக்கத்தில் காலையில் இரண்டு நிலவறை, ஒரு தேவாலயம், ஒரு கடைத்தெரு என்று சுற்றிவிட்டுப் பசியோடு போகிறவர்கள் கடைசியில் ரயில் நிலையத்தில் காய்ந்த சாண்ட்விச்சோடு உட்காருவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவ்வளவு தூரம் வந்தது அந்த ஊர்ச் சாப்பாட்டுக்காக.

அதனால் 12.30க்கு மேசை. அதற்கு முன்னால் ஒரே ஒரு நிலவறை, பத்து மணிக்கோ பத்தரைக்கோ. சாப்பாட்டுக்குப் பின் வேண்டுமானால் இன்னொன்று, மூன்று மணி வாக்கில். ஒரு நாளுக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது கிழமை. திங்கட்கிழமையைத் தவிருங்கள். ஞாயிறு திறக்கும் உணவகங்களும் சந்தைகளும் திங்கள் ஓய்வெடுக்கும். ஞாயிற்றுக்கிழமை பல சின்னத் திராட்சை விவசாயிகள் கதவைத் திறப்பதில்லை. எனக்குப் பிடித்தது வெள்ளிக்கிழமை. பல ஊர்களில் அன்று சந்தை இருக்கும், சனிக்கிழமைக் கூட்டமும் இருக்காது. ஆகஸ்டில் உணவகக்காரர்களே விடுமுறையில் போய்விடுவார்கள், செப்டம்பரில் திராட்சை அறுவடை, விவசாயிக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. மே, ஜூன், அப்புறம் அக்டோபர் நல்ல மாதங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். பாரீசில் இருப்பவர்களுக்கு என் முதல் யோசனை ரான்ஸ், ஷாம்பெய்ன் என்ற குமிழி ஒயினின் ஊர். எழுத்துக் கூட்டி ரெய்ம்ஸ் என்று படிப்பீர்கள், ரயிலில் அறிவிக்கும்போது ரான்ஸ் என்றுதான் காதில் விழும், குழம்ப வேண்டாம். கார் த லெஸ்த் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். லா ஷப்பேல் பக்கம், நம் கடைகள் இருக்கும் தெருக்களில், உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் அந்த நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ரான்ஸ் நகருக்குள் ஒரு நிலையம், ஷாம்பெய்ன்-ஆர்தென் என்ற பெயரில் ஊருக்கு வெளியே இன்னொரு நிலையம். இரண்டாவதில் இறங்கினால் டிராம் பிடித்து உள்ளே வர வேண்டும், காலை நேரம் வீணாகும். நகர நிலையத்துக்கே எடுங்கள். அதிவேக ரயிலில் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், சில வாரங்களுக்கு முன்பே வாங்கிவிட்டால் நல்லது.

ரான்ஸ் நகரத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுத்த பெரிய பெரிய பள்ளங்கள் இருக்கின்றன. பழைய காலத்தில் கட்டடம் கட்டக் கல் எடுத்த இடங்கள். மேலே வாய் குறுகி, கீழே போகப் போக அகன்று போகும் குழிகள். நூற்றாண்டுகள் கழித்து ஷாம்பெய்ன் வியாபாரிகள் அந்தக் குழிகளைச் சுரங்க வழிகளால் இணைத்து நிலவறைகளாக்கினார்கள். 1729இல் தொடங்கிய ருயினார் கம்பெனி, அப்புறம் தெத்தாங்ஜே, பொம்மெரி, வெவ் கிளிக்கோ எல்லாம் இந்தப் பள்ளங்களைத்தான் பயன்படுத்துகின்றன. கோடையிலும் குளிரிலும் உள்ளே 10, 12 டிகிரிதான், ஜூலை வெயிலில் போனாலும் கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் பதிவு செய்யும்போதே படிக்கட்டு எத்தனை என்று கேட்டுவிடுங்கள், பொம்மெரியில் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். முதல் உலகப் போரில் இந்த நகரத்தின் மீது குண்டு மழை பொழிந்தபோது மக்கள் இதே நிலவறைகளில் வாழ்ந்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூடக் கீழேதான் நடந்தது. வழிகாட்டியிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், விலைப்பட்டியலை விட அது முக்கியம்.

ஷாம்பெய்னில் குமிழி எப்படி வருகிறது என்று கேட்டால், அது வெளியிலிருந்து ஏற்றிய வாயு கிடையாது. ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கிறது, உண்டாகும் வாயு போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. சாதாரண ஷாம்பெய்ன் குறைந்தது 15 மாதம் பாட்டிலில் இருக்க வேண்டும், ஒரே ஆண்டின் திராட்சையில் செய்தது என்றால் 3 ஆண்டு. அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை எப்படி எடுப்பது? பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால் உள்ளழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். இப்படித் திருப்புவதற்கான துளை போட்ட மேசையை உருவாக்கிய பெருமை மதாம் கிளிக்கோவுக்குத் தரப்படுகிறது. 1805இல், 27 வயதில் கணவரை இழந்து, அந்தக் காலத்தில் பெண்கள் நடத்தாத வியாபாரத்தைத் தன் கையில் எடுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். அவர் பெயருள்ள நிலவறையில் நிற்கும்போது எனக்கு எப்போதும் பெருமிதமாக இருக்கும்.

வெளியே வந்தால் சாப்பாடு. பூலாங்ரான் என்ற மூடிய சந்தை, 1920களில் கட்டிய பெரிய கான்கிரீட் வளைவுக் கூரை, புதன், வெள்ளி, சனி காலைகளில் திறந்திருக்கும். அதைச் சுற்றி உணவகங்கள். ரான்ஸ் பன்றிக்கறி, ஷாவுர்ஸ் சீஸ், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பிஸ்கட், இவைதான் ஊர்ச் சரக்கு. அன்றைய சமையல் என்று கரும்பலகையில் எழுதியிருப்பதைக் கேளுங்கள், அதுதான் புதிதாக இருக்கும், விலையும் குறைவு. குடிக்கக் குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் காசில்லாமல் தருவார்கள், தயங்காமல் கேட்கலாம். பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய பேராலயத்துக்குச் சாப்பிட்ட பிறகு போங்கள், 1974இல் ஓவியர் ஷகால் செய்த நீலக் கண்ணாடிச் சன்னல்கள் பீடத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

ரான்ஸும், பக்கத்து ஷாம்பெய்ன் ஊரான எபெர்னேயும் ஒரே நாளில் முடியுமா என்று கேட்பார்கள். அரை மணி நேர ரயில், முடியும். ஆனால் சாப்பாட்டு நேரம் அடிபடும். நான் செய்ய மாட்டேன்.

ஏன் காரில் போகக் கூடாது என்று சிலருக்குத் தோன்றலாம். பிரான்சில் ஓட்டுநரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம், புதிதாக உரிமம் வாங்கியவருக்கு 0.2 கிராம். ருசி பார்க்கும்போது வாயில் வைத்துவிட்டுத் துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்கள், அப்படித் துப்புவது அங்கே அவமரியாதை இல்லை, தொழில்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனாலும் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், மாலையில் ஒரு கிளாஸ் என்றால் ஓட்டுகிறவர் ஒருவர் நாள் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். ரயிலில் போனால் எல்லோரும் ஒன்றாக மகிழலாம். அதனால்தான் பொர்தோவுக்குப் பக்கத்து மெதோக் மாதிரி, புகழ் பெரிதாக இருந்தாலும் கார் இல்லாமல் அலைய வேண்டிய பகுதிகளை ஒரு நாள் பயணத்துக்கு நான் சொல்வதில்லை. பொர்தோவிலிருந்து சான்-தெமிலியோன் என்ற ஒயின் ஊருக்குப் போங்கள், ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள். நிலையத்திலிருந்து ஊர் வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருபது நிமிடம் நடக்க வேண்டும், அந்த நடையே ஒரு சுகம். ரயில்கள் அடிக்கடி இல்லை, திரும்பும் ரயிலை முதலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒயினை விடக் கடல் உணவு பிடிக்கும் என்றால் பொர்தோவிலிருந்து கடலோர ஊரான ஆர்க்காஷோன் பக்கம், கடற்சிப்பி, எலுமிச்சை, ரொட்டி, வெண்ணெய், கூட ஒரு வெள்ளை ஒயின். மார்சேயிலிருந்து கடலோர ஒயின் ஊரான காசிஸ் அரை மணிகூட ஆகாது, நிலையம் ஊருக்கு மேலே மூன்று கிலோமீட்டர் தள்ளி, பஸ் உண்டு.

லியோனிலிருந்து போகிறவர்களுக்குத் தான்-லெர்மித்தாஜ் என்ற ஊரை நான் மனதாரச் சொல்வேன். பார்-தியூ நிலையத்திலிருந்து பிராந்திய ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரோன் ஆற்றங்கரையில் இறங்கினால் ஊருக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு குன்று, அடியிலிருந்து உச்சி வரை கல் சுவர் கட்டிய படிவரிசைத் திராட்சை, உச்சியில் சின்னதாக ஒரு தேவாலயம். சிரா என்ற சிவப்புத் திராட்சைக்கு உலகத்தில் இதைவிடப் பேர்பெற்ற மலைச்சரிவு இருக்காது. காலையில் அந்தக் குன்றில் ஏறிவிட்டு, இறங்கி வந்து சாப்பிட்டு, அப்புறம் ருசி பார்க்க உட்கார்ந்தால், கிளாசில் இருப்பது எந்த மண்ணில் விளைந்தது என்று உடம்புக்கே தெரிந்திருக்கும். உள்ளூர் விவசாயிகளின் கூட்டுறவு நிலவறையும் அங்கே உண்டு, விலை நியாயமாக இருக்கும்.

இந்த ஊரை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், குடிக்காதவர்கள். நம் குடும்பங்களில் நாலு பேர் போனால் இரண்டு பேர் ஒயினைத் தொட மாட்டார்கள், ஒருவராவது சைவமாக இருப்பார், அவர்களை மூலையில் உட்கார வைத்துவிட்டு நடத்தும் பயணம் நல்ல பயணமே இல்லை. 1922இல் தொடங்கிய வல்ரோனா சாக்லேட் கம்பெனி இருப்பது இந்த ஊரில்தான், அதன் சாக்லேட் காட்சியகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, நிறைய ருசி பார்க்கலாம், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ராவியோல் என்று இந்த வட்டாரத்தில் ஒரு பலகாரம், மெல்லிய மாவுக்குள் சீஸும் பார்ஸ்லி இலையும் வைத்து வேகவைத்தது, இறைச்சி இல்லை. முட்டை உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். முழுச் சைவக்காரர்கள் சீஸிலும் கவனமாக இருக்க வேண்டும்: பாரம்பரிய பிரெஞ்சு சீஸ்கள் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்க்கிறார்கள். கடையில் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு போன்ஜூர், அதாவது வணக்கம், சொல்லிவிட்டுக் கேளுங்கள், அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

சின்ன விவசாயிகளிடம் போவதானால் இரண்டு நாள் முன்பே போன் செய்து நேரம் வாங்குங்கள். நேரம் வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், உங்களுக்காகத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். ருசி பார்க்கக் காசு வாங்காத இடம் என்றால் ஒரு பாட்டிலாவது வாங்கிக்கொண்டு வருவதுதான் முறை.

வாங்கிய பாட்டிலை ரயிலில் தாராளமாகக் கொண்டுவரலாம். விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள், ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் சுங்க வரி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முக்கால் லிட்டர் பாட்டில் என்றால் ஆளுக்கு இரண்டு, மூன்றாவதற்கு வரி கட்ட வேண்டிவரும்.