வாரம் 2 வீடியோ இனி இல்லை: எங்கள் வீட்டுக் காலண்டரும் என் சேனலும்

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். என் மாடித்தோட்ட யூடியூப் சேனலில் வழக்கமாக மொட்டை மாடியில், தொட்டிகளுக்கு நடுவில் நின்றுதான் உங்களோடு பேசுவேன். இன்று அடுக்களை மேசையில் அமர்ந்திருக்கிறேன், ஏனென்றால் இன்றைய பேச்சு செடியைப் பற்றியதல்ல. இதுவரை திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் வந்துகொண்டிருந்த வீடியோ, இனி மாதத்தின் முதல் சனிக்கிழமையும் மூன்றாம் சனிக்கிழமையும் மட்டுமே வரும். அதை ஒரு வரியில் அறிவித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வீட்டில் இருந்தபடியே சேனல் நடத்துகிறவர்களும், தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் கேள்விகளிலிருந்து அறிவேன். அவர்களுக்காகவாவது காரணத்தை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். என் கணவர் மில்லில் வேலை பார்க்கிறார். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மகள் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள், மகனுக்கு 5 வயது. எங்களோடு என் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, இருக்கிறார். அவருக்கு 71 வயது. படம் பிடிப்பது, குரல் கொடுப்பது, எடிட் செய்வது எல்லாம் நான் ஒருத்திதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை என்று எனக்குப் புரிந்தது போன மே மாதத்தில்.

திருநெல்வேலி மே மாதத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குரல் பதிவு செய்யும்போது மின்விசிறி ஓடினால் மைக்கில் 'கர்ர்' என்று ஒரு இரைச்சல் விழும். ஆகவே நான் பதிவு செய்யும் நேரமெல்லாம் வீட்டில் எல்லா அறையிலும் மின்விசிறியை நிறுத்திவிடுவேன். தொலைக்காட்சி, மிக்ஸி எதுவும் கூடாது, கதவைக்கூட யாரும் சத்தமாகச் சாத்தக் கூடாது. அன்று புதன்கிழமை இரவு. மறுநாள் காலை வீடியோ போக வேண்டும். பாகற்கொடிக்குப் பந்தல் போடுவதைப் பற்றிய பேச்சில் ஒரே வாக்கியத்தை நான்கு முறை தவறாகச் சொல்லி, நான்கு முறையும் அழித்துவிட்டுத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய 40 நிமிடம் ஆகியிருக்கும். முடித்துவிட்டுக் கதவைத் திறந்தால், அத்தை கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார். கண்ணில் நீர் நிற்கிறது. என்னைப் பார்த்ததும் தலைப்பை எடுக்காமலே, "ஏம்மா, முடிச்சிட்டியா? நான் இருமிக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. ஒரு வயதான மனிதர் தன் வீட்டில் இருமுவதற்கு என்னிடம் அனுமதி கேட்கும்படி நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. மகள் அதே கூடத்தில், வியர்த்து வழிந்த கையால் நோட்டு நனையாமல் இருக்க அடியில் ஒரு துண்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவே இல்லை. அதுவே அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மாடியில் தக்காளி பழுத்தால் என் மகன் பறிக்கக் கையை நீட்டிவிட்டு, "கேமரா வரட்டுமா?" என்று நின்றுவிடுவான். இப்படி, நான் ஒருத்தி நடத்துவதாக நினைத்த சேனலை ஐந்து பேரும் சேர்ந்து சுமந்துகொண்டிருந்தார்கள். அட்டவணையைப் போடும்போது மட்டும் அவர்களில் யாரையும் நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கணக்கு எழுத ஆரம்பித்தேன். 8 நிமிட வீடியோ ஒன்றுக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான்கு வாரம் விடாமல் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். படம் பிடிக்க 3 மணி நேரம், குரல் பதிவுக்கு 1 மணி நேரம், கைபேசியிலேயே எடிட் செய்ய 6 மணி நேரம், தலைப்பும் தம்நெயிலும் (வீடியோவின் முகப்புப் படம்) தயாரிக்க 1 மணி நேரம், உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத 3 மணி நேரம். ஆக மொத்தம் 14 மணி நேரம். வாரம் 2 வீடியோ என்றால் 28 மணி நேரம். அந்த 28 மணி நேரமும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பகுதி இரவு 10 மணிக்கு மேல் வந்திருக்கிறது, அதாவது என் தூக்கத்திலிருந்து. மிச்சம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வந்திருக்கிறது.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அட்டவணையை நான் நல்ல வாரத்தை வைத்துப் போட்டிருந்தேன். கணவருக்குப் பகல் ஷிப்ட், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லை, தேர்வு இல்லை, ஊரில் கோயில் கொடை இல்லை, கல்யாணம் இல்லை என்கிற வாரத்தில் எவ்வளவு முடியுமோ அதையே எல்லா வாரத்துக்குமான அளவாக வைத்துக்கொண்டேன். குடும்பத்தில் அப்படிப்பட்ட வாரம் வருடத்துக்கு எத்தனை வரும்? ஆகவே இந்த முறை மோசமான வாரத்தை எடுத்துக்கொண்டேன்: இரவு ஷிப்ட், மகளுக்குத் தேர்வு, அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், இவை மூன்றும் சேர்ந்து வந்த ஒரு வாரம். அதிலும் யாரையும் வருத்தாமல் எனக்கு 7 மணி நேரம் கிடைத்திருந்தது. 14 மணி நேர வேலைக்கு 7 மணி நேரம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு வீடியோ. மாதம் 2 வீடியோ என்ற எண் வந்தது அப்படித்தான்.

வாரம் இரண்டு போடாவிட்டால் யூடியூப் நம்மைக் கீழே தள்ளிவிடும் என்ற பேச்சு நம்மிடையே பரவலாக இருக்கிறது. நானும் அதை நம்பித்தான் ஓடினேன். எழுதி வைத்திருக்கும் விதிகளை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 2018-இல் வந்த விதி அது. 2023-இல், விளம்பரம் அல்லாத வருமானத்துக்காகக் கொண்டுவந்த தொடக்கநிலைத் தகுதிக்கு 500 சந்தாதாரர்களும் 3,000 மணி நேரப் பார்வையும் இருக்க வேண்டும், அதோடு கடந்த 90 நாளில் 3 வீடியோ வெளியிட்டிருக்க வேண்டும். 90 நாளில் 3 என்றால் மாதம் ஒன்று. 6 மாதத்துக்கு மேல் வீடியோவும் போடாமல், சமூகப் பதிவும் (சேனலில் எழுத்தாகவோ படமாகவோ போடும் பதிவு) போடாமல் கிடந்தால் வருமான வசதியை நிறுத்தலாம் என்றும் இருக்கிறது. திங்கள், வியாழன் என்று எந்த விதியிலும் இல்லை. அந்த இரண்டு நாளும் நானே எனக்குப் போட்டுக்கொண்டவை. அடிக்கடி போடுகிறவர்களுக்குப் பார்வை கூடுதலாகக் கிடைக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. என் வருமானமும் இனிக் குறையும். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் நம் வங்கிக்கு வரும் என்பதால், இனி ஒவ்வொரு மாதமும் வராது, இரண்டு மூன்று மாதம் சேர்ந்து வரும். அதை வீட்டில் பேசித்தான் முடிவெடுத்தோம். என் கணவர், "வர்றப்ப வரட்டும். நீ ராத்திரி தூங்கு" என்று மட்டும் சொன்னார்.

அவசரம் வீட்டை மட்டும் பாதிக்கவில்லை, உங்களையும் பாதித்திருக்கிறது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது பற்றி ஒரு வியாழக்கிழமை வீடியோ போட்டேன். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று அளவைச் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகிவிடும், சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும் என்ற பகுதியை எடிட்டில் வெட்டிவிட்டேன். இரவு 1 மணிக்குக் கண் சொருகிக்கொண்டு செய்த வேலை, விட்டுப்போனதை நான் கவனிக்கவே இல்லை. தூத்துக்குடியிலிருந்து ஓர் அம்மா, நண்பகலில் தெளித்துத் தன் மிளகாய்ச் செடிகள் கருகிவிட்டதாகப் படம் அனுப்பியிருந்தார். ஒரு பூக்கூட மிஞ்சவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்த வீடியோவையும் எடுத்துவிட்டுத் திருத்திப் போட்டேன். என்றாலும் அந்தச் செடிகள் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. வெண்டை விதைத்து முதல் காய் பறிக்க ஏறக்குறைய 45 நாள் ஆகும். வாரம் 2 வீடியோ என்று போனால் அந்த 45 நாளில் 12, 13 வீடியோ போட வேண்டும்; செடியிலோ அத்தனை மாற்றம் நடக்காது. நடுவில் நிரப்புவதற்காக, நான் சொந்தமாகச் செய்து பார்க்காத குறிப்புகளையெல்லாம் சொல்ல வேண்டி வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் நாற்று, மொட்டு, காய் என்று ஒவ்வொரு முறையும் காட்டுவதற்கு உண்மையாகவே ஏதாவது இருக்கும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. என் மகள் 11 வயதில் மாடியில் பறித்த பாகற்காயைப் பச்சையாகக் கடித்து முகம் சுளித்ததைப் படம் பிடித்துப் போட்டிருந்தேன். சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். சென்ற வருடம் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் யாரோ அந்த முகத்தை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "அம்மா, அத எடுத்துருங்களேன்" என்றாள். நான் உடனே எடுக்கவில்லை. பார்வை போய்விடுமே என்று 11 நாள் தள்ளிப்போட்டேன். அந்த 11 நாளும் அவள் பள்ளிக்குப் போய்விட்டுத்தான் வந்தாள், இரண்டாம் முறை கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் எடுத்தேன்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரான்சில் 2020-இல் வந்த சட்டம், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இப்படிப்பட்ட வீடியோக்களில் தோன்றுவதை ஒழுங்குபடுத்துகிறது. தன் வீடியோவை நீக்கும்படி பிள்ளையே நேரடியாகக் கேட்கலாம் என்கிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், வீடியோக்களில் கணிசமாகத் தோன்றும் பிள்ளைக்கு வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். நம் நாட்டில் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்று கொண்டு, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆனால் சம்மதம் தர வேண்டிய தாயே கேமராவையும் பிடித்துக்கொண்டிருக்கிற வீட்டில், அந்தப் பிள்ளைக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? ஆகவே இனி என் பிள்ளைகளின் முகமோ குரலோ இந்தச் சேனலில் வராது. பழைய வீடியோக்களில் 23-ஐ எடுத்துவிட்டேன், இன்னும் சில இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவருகிறேன்.

இப்போது கேமராவைத் திருப்பிக் காட்டுகிறேன், பாருங்கள். இது மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர். நீல மையில் 'இ' என்று இருப்பது என் கணவரின் இரவு ஷிப்ட். சிவப்பு வட்டம் மகளின் தேர்வு. இந்தக் கோணல் எழுத்து அத்தையுடையது, பிரஷர் மாத்திரை வாங்க வேண்டிய நாள். முட்டை மாதிரி இருப்பது என் மகன் வரைந்தது. அது பலூன், அவன் நண்பனின் பிறந்தநாள். இவை எல்லாவற்றையும் அவரவர் எழுதி முடித்த பிறகு, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் பென்சிலால் என் வேலையை எழுதுகிறேன். குரல் பதிவு இனிக் காலை 10 மணிக்கு, பிள்ளைகள் பள்ளியிலும் அத்தை பக்கத்து வீட்டிலும் இருக்கும் நேரத்தில்தான். அவர் வீட்டில் இருந்தால் மின்விசிறி ஓடும், இருமலும் கேட்கும். அன்று பதிவு கிடையாது.

கையிருப்பாக எப்போதும் 2 வீடியோ முடித்து வைத்திருப்பேன். விவசாயக் குடும்பத்தில் எவ்வளவு முடை வந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள் அல்லவா, அப்படித்தான் இதுவும். ஒன்றை எடுத்தால், அடுத்ததைச் செய்து அந்த இடத்தில் வைத்த பிறகே வேறு வேலை. யூடியூபிலேயே நாளும் நேரமும் குறித்து ஏற்றி வைத்துவிடலாம் என்பதால், வெள்ளிக்கிழமை இரவு நான் விழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் காத்திருப்பீர்களா என்ற பயம் எனக்கு இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்து, தாமிரபரணி கரைபுரண்ட நாட்கள். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, நெட் இல்லை. மாடியில் தொட்டிகள் எல்லாம் மூழ்கிக் கிடந்தன. மூன்று வாரம் எதுவும் போடவில்லை. திரும்ப வந்து பார்த்தபோது, வீடியோ எங்கே என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை, "வீட்டில் எல்லாரும் நலமா?" என்றுதான் வரிசையாக எழுதியிருந்தீர்கள். அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை காலை 7 மணிக்கு அடுத்த வீடியோ வரும். ஆடிப் பட்டத்துக்கு விதைத்த வெண்டை மொட்டு விட்டிருக்கிறது, அதைக் காட்டுகிறேன். வெளியே கேட் சத்தம் கேட்கிறது, அத்தை வந்துவிட்டார். மின்விசிறியைப் போட வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன். வணக்கம்.