மஞ்சளாக இருந்தால் போதுமா? இலைப்பேன்களை இனம் பிரிக்கும் வழி

[திரையில்: வெள்ளைத் தாளின் மேல் மிளகாய்க் கொழுந்தைத் தட்டும் கை]

வணக்கம். ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்தில், செம்பனைக்குப் பக்கத்திலேயே மிளகாய், கத்தரி, வெள்ளரி போட்டிருக்கும் நம்மவர்களுக்காக இந்த வீடியோ.

மிளகாய் இலை மேல்பக்கமாகச் சுருண்டால் இலைப்பேனை, அதாவது த்ரிப்ஸைச் சந்தேகப்படுங்கள். கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் அது பெரும்பாலும் சிலந்திப்பேன். கொழுந்தைத் தாளில் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில் மெல்லிய கோடு மாதிரி ஏதாவது ஓடினால் அதுதான் நம் ஆள்.

"மஞ்சள் பூச்சிண்ணே" என்று கடையில் சொன்னால் உடனே ஒரு போத்தல் மருந்து கிடைத்துவிடும். ஆனால் மஞ்சளாக இருக்கும் இலைப்பேன் ஒரே இனம் இல்லை. ஒன்று பல மருந்துகளுக்கு அசராதது, இன்னொன்று அப்படியில்லை. ஒன்று பரப்பும் வைரஸை மற்றது பரப்பாது. அதனால்தான் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

[திரையில்: நுண்ணோக்கியில் மஞ்சள் இலைப்பேன், முழு உடல்]

முதலில் சுலபமானது. மிளகாய்க் கொழுந்தில் அதிகம் வரும் சிர்டோத்ரிப்ஸ் டோர்சாலிஸ். வயிற்றின் முதுகுப்பக்கம் நடுவில் பழுப்புத் திட்டுகள், கட்டுக்குக் கட்டு, அதாவது வயிற்றின் வளையத்துக்கு வளையம், கருங்கோடு. உணர்கொம்பில் எட்டுக் கணு. வயிற்றுக் கட்டுகளின் இரு ஓரத்திலும் நுண்மயிர் வரிசை வரிசையாக அடர்ந்திருக்கும். இவ்வளவும் பொருந்தினால் குழப்பமே இல்லை.

குழப்பம் அடுத்த இருவரிடம். த்ரிப்ஸ் பால்மி, த்ரிப்ஸ் டபாசி. பால்மி நமக்கு அக்கம்பக்கத்துப் பூச்சி. சுமத்ராவில் புகையிலையில் பிடித்ததை வைத்து 1925-இல் பூச்சியியலாளர் கார்னி பெயரிட்டது. டபாசி வெங்காயத்தில் பேர்போனது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். டபாசி சில சமயம் பழுப்பாகவும் வரும், ஆகவே உடல் நிறத்தை நம்பாதீர்கள்.

[திரையில்: தலையின் மேல்பக்கம், 400 மடங்கு]

தலை உச்சியைப் பாருங்கள். இரண்டு கூட்டுக்கண்களுக்கு நடுவே முக்கோணமாக மூன்று சின்னத் தனிக்கண்கள். பால்மிக்கு அவை சிவப்பு, டபாசிக்குப் பெரும்பாலும் சாம்பல். உடலைத் தெளிய வைக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போடும் முன்பே இந்த நிறத்தைக் குறித்துவிடுங்கள்.

அந்த முக்கோணத்தை ஒட்டியே ஒரு ஜோடி முள்மயிர் இருக்கும். பால்மியில் அது முக்கோணத்துக்கு வெளியே முளைக்கும். த்ரிப்ஸ் ஃப்ளேவஸ் என்று இன்னொரு மஞ்சள் இனம், பால்மியை அச்சாக ஒத்திருக்கும். அதில் இதே ஜோடி முக்கோணத்துக்கு உள்ளே. ஒரு மயிரின் வேர் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் பெயரே மாறிவிடுகிறது. எனக்கு இதைவிட அழகான அடையாளம் வேறில்லை.

[திரையில்: வயிற்றின் இரண்டாம் கட்டு, ஓரம்]

இப்போது வயிற்றின் இரண்டாம் கட்டு. ஓர முள்மயிர்களை எண்ணுங்கள். நான்கு என்றால் பால்மி, மூன்று என்றால் டபாசி. டபாசியின் வயிற்றுப் பக்கவாட்டில் நுண்மயிர் வரிசைகளும் தெரியும்.

[திரையில்: இரண்டு பழுப்பு இலைப்பேன்கள் பக்கம் பக்கமாக]

பழுப்பிலும் ஒரு ஜோடி உண்டு. மிளகாயையும் பப்பாளியையும் பாழாக்கும் த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ் ஒன்று, பூக்களில் திரியும் த்ரிப்ஸ் ஹவாயியென்சிஸ் இன்னொன்று. இறக்கையின் முதல் நரம்பைப் பாருங்கள். பார்விஸ்பைனஸில் முள்மயிர் இடைவெளி இல்லாமல் வரிசையாகப் போகும். ஹவாயியென்சிஸில் நடுவே இடைவெளி விட்டு நுனிப்பக்கம் மூன்று. வயிற்றின் எட்டாம் கட்டின் பின்விளிம்பில் ஹவாயியென்சிஸுக்குச் சீப்புப் பல் போன்ற நுண்மயிர் வரிசை முழுதாக உண்டு, பார்விஸ்பைனஸுக்கு அந்தச் சீப்பே கிடையாது.

ஹவாயியென்சிஸைப் பார்த்ததும் பதறாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சுமந்ததில் இதற்குப் பெரிய பங்கு. ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து வந்த மகரந்த வண்டை 1981-இல் முதலில் விட்டதும் நம் குளுவாங்கில்தான், மாமோர் தோட்டத்தில். அதற்கு முன்பு பூவில் உழைத்தது இந்தச் சின்னப் பூச்சி. நம் தாத்தா பாட்டி வெட்டிச் சுமந்த குலைகளில் இதன் உழைப்பும் இருந்திருக்கிறது.

[திரையில்: சின்ன போத்தலில் ஆல்கஹால், பென்சிலால் எழுதிய சீட்டு]

மாதிரி எடுக்கும்போது கவனம். குஞ்சுகளை வைத்து இனம் சொல்வது கடினம், இறக்கை வந்த பெண் பூச்சிகள் வேண்டும். ஒட்டுப்பொறியிலிருந்து பிய்த்தால் முள்மயிர் உடைந்து போகும். தாளில் தட்டி, ஈரத் தூரிகையால் தொட்டெடுத்து, ஆல்கஹாலில் போடுங்கள். எந்தச் செடி, எந்த இடம், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

ஒரே ஒரு பூச்சியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பால்மியின் இறக்கை நுனியில் வழக்கமாக மூன்று முள்மயிர், ஆனால் சிலதில் இரண்டுதான் இருக்கும். ஒரே செடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சேர்த்து விவசாய இலாகாவில் கொடுங்கள்.