ஓட்டு வீட்டு அடுக்களைக்கு எந்தச் சிம்னி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி பாபநாசத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. சுருக்கி வாசிக்கிறேன். “எங்களுடையது பழைய ஓட்டு வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு பொதுச்சுவர். அடுக்களை 12 அடி நீளம், 8 அடி அகலம். ஆறு பேருக்கு நான்தான் சமைக்கிறேன். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. வாரத்தில் நான்கு நாளாவது வடை, அப்பளம், மீன் என்று ஏதாவது எண்ணெயில் பொரிப்பது உண்டு. தாளிக்கிற நெடியில் என் மாமியாருக்கு இளைப்பு வந்துவிடுகிறது. சிம்னி வாங்கப் போன கடையில் 1400 உறிஞ்சுதிறன் உள்ளதை வாங்கச் சொல்கிறார்கள். வெளியே குழாய் விட வழியில்லை என்றேன். குழாயே தேவைப்படாத வகை இருக்கிறது என்கிறார்கள். எதை வாங்கலாம்?”

சகோதரி, முதலில் இரண்டாவது யோசனையைத் தள்ளிவிடுங்கள். குழாய் இல்லாத சிம்னி புகையை உள்ளிழுத்து, எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டியில் நிறுத்தி, கரி வடிகட்டி வழியாக வாடையைக் குறைத்து, அதே காற்றை மறுபடி அடுக்களைக்குள்ளேயே விட்டுவிடுகிறது. சூடும் ஈரமும் உள்ளேயே இருக்கும். கேஸ் எரிவதால் உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடில் பெரும்பகுதியும் உள்ளேயே தங்கும். அந்தக் கரியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். வாரம் நான்கு நாள் பொரிக்கிற வீட்டில் அது இன்னும் விரைவாக அடைத்துக்கொள்ளும். தனியாக இருந்து எப்போதாவது தேநீர் மட்டும் போடுகிறவருக்கு அது போதலாம். இளைப்பு உள்ள ஒருவர் இருக்கும் வீட்டுக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணெய் அதிகமாகக் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கிறதே, அதற்கு முக்கியக் காரணம் அக்ரோலின் என்ற பொருள். அதோடு, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் எழுந்து மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்குகின்றன. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உயர்ந்த சூட்டில் பொரிக்கும்போது வெளிவரும் புகையை, மனிதர்களுக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பிரிவில் வைத்திருக்கிறது. அதை விளக்கும் நூலை 2010-இல் வெளியிட்டது. வடை சுடுவதையே விட்டுவிடுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. புகை வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், வடிகட்டினால் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது 1400 என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு மணி நேரத்தில் அந்தக் கருவி எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. உங்கள் அடுக்களையின் சராசரி உயரம் 10 அடி என்று வைத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு 960 கன அடி, அதாவது ஏறக்குறைய 27 கன மீட்டர். ஒரு மணி நேரத்தில் அந்தக் காற்று முழுவதையும் 15 முறை மாற்ற வேண்டுமென்றாலும் 400 கன மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம் சமையலில் கடுகு வெடித்து மிளகாய் கருகும் அந்த அரை நிமிடத்தில் புகை திரளாக எழுவதால், கணக்குக்கு மேலே தாராளமாக வைத்துக்கொள்வது நல்லது. ஆகவே இரண்டு பர்னர் அடுப்புக்கு 800 முதல் 1000 வரை உள்ள கருவி போதும் என்பது என் கருத்து. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் தடை ஏதும் இல்லாமல் காற்று ஓடும்போது கிடைப்பது. குழாயும் வளைவும் வடிகட்டியும் சேர்ந்தபின் உங்கள் வீட்டில் கிடைப்பது வேறு.

இதை நான் என் சொந்த வீட்டிலேயே அனுபவித்திருக்கிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் இந்தக் கருவிகளைப் பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறவன் நான். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு, எங்கள் வீட்டுக்கு வாங்கிய முதல் சிம்னியைப் பொருத்த வந்தவர், சுவரில் ஏற்கெனவே 4 அங்குலத் துளை இருக்கிறது, புதிதாக இடிக்க வேண்டாம் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. 6 அங்குல வாயுள்ள கருவியின் குழாயை 4 அங்குலமாகக் குறுக்கி, பரணைச் சுற்றி மூன்று இடத்தில் வளைத்து வெளியே விட்டார். விட்டம் 6-இலிருந்து 4-ஆனால் காற்று போகும் பரப்பு பாதிக்கும் கீழே, நூற்றுக்கு நாற்பத்து நான்காகச் சுருங்கிவிடுகிறது. மோட்டார் முழு வேகத்தில் இரைந்தது. புகையோ அடுப்புக்கு மேலே வந்து இரண்டு பக்கமும் பிரிந்து கூடத்துக்குப் போனது. ஓராண்டு காலம் என் அம்மா அந்தக் கருவியைப் போடவே இல்லை. இரைச்சலில் குக்கர் விசில் கேட்கவில்லை என்பார். பிறகு சுவரை இடித்து, 6 அங்குலக் குழாயை ஒரே வளைவோடு நேராக விட்டபின், அதே பழைய கருவி நடுத்தர வேகத்திலேயே வேலையை முடித்தது.

அதனால்தான் யார் கேட்டாலும், கடைக்குப் போவதற்கு முன் உங்கள் சுவரையும் கூரையையும் பாருங்கள் என்கிறேன். குழாய் கருவியின் வாய் அளவுக்கே, பெரும்பாலும் 6 அங்குலமாக, கடைசி வரை இருக்க வேண்டும். எவ்வளவு குறுகிய தூரமோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு வளைவும் இழுவையைத் தின்னும். சுருக்கு வைத்த அலுமினியக் குழாயைப் போடுவதானால் அதை முழுக்க இழுத்து நீட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். தொளதொளவென்று விட்டால் மடிப்புகளில் எண்ணெய் தேங்கும். உட்புறம் வழவழப்பான தகட்டுக் குழாய் அதைவிட மேல். குழாயின் வாயைப் பரணுக்குள்ளோ கூரைக்கும் உள்தட்டுக்கும் நடுவிலோ விட்டு முடிப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மரச் சட்டங்களின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்துகொண்டே போவது தீயை அழைப்பது போன்றது.

பொதுச்சுவரில் துளை போடக் கூடாது. அடுத்த வீட்டின் கூடத்துக்கு உங்கள் மீன் வாடை போகும். ஆனால் சகோதரி, நீங்கள் அனுப்பிய படத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அடுப்பு மேடைக்கு மேலே, ஓட்டுக் கூரையில் பழைய புகைக்கூண்டு இன்னும் இருக்கிறது. விறகடுப்பு எரித்த காலத்தில் அந்த வீட்டைக் கட்டியவர்கள் புகைக்கு வைத்த வழி அது. நம் பக்கத்து வீடுகளில் ரேழி, கூடம், முற்றம் எல்லாம் கடந்து கொல்லையை ஒட்டி அடுக்களை வைத்ததும், அதன் தலைமேல் இப்படி ஒரு கூண்டு வைத்ததும் அனுபவத்தில் பிறந்த ஏற்பாடு. குழாய் விட வழியில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; வளைவே இல்லாத வழி உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது.

ஆனால் குழாயைக் கூண்டுக்குள் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. அதன் வழியாக முழுவதுமாகக் கூரைக்கு வெளியே, ஓட்டின் மட்டத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும். முதலில் அந்தக் கூண்டில் பல வருடமாகப் படிந்த ஒட்டடையையும் கரியையும் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டைத் தாங்கும் மரங்களான ரீப்பரையும் கைமரத்தையும் குழாய் தொடாமல் இடைவெளி இருக்கட்டும். வாயில் மழைத் தொப்பி வேண்டும். காற்று எதிர்த்து வந்தால் தானாக மூடிக்கொள்ளும் தடுப்பு மடல் ஒன்றும் வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று சாரலை அந்தப் பக்கத்திலிருந்தே அடிப்பதால், தொப்பியின் திறப்பு வடகிழக்கைப் பார்க்காமல் இருப்பது நல்லது. இது தச்சரும் ஓடு வேய்கிறவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. சிம்னியோடு கடையிலிருந்து வரும் ஆளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் போல்ட் சரியாகப் பிடிக்காது. காரை இணைப்பில் துளையிடாமல் செங்கல்லிலேயே இட வேண்டும். சந்தேகம் இருந்தால் இரும்புச் சட்டம் ஒன்றை அகலமாகப் பதித்து, பாரத்தை அதன் மேல் ஏற்ற வேண்டும்.

இனி கருவியைத் தேர்ந்தெடுப்பது எளிது. உங்கள் அடுப்பின் அகலத்தைவிடச் சிம்னி குறுகலாக இருக்கக் கூடாது. இரண்டு பர்னருக்கு 60 செ.மீ. போதும், இடம் இருந்து 75 செ.மீ. வாங்கினால், பெரிய வாணலி வைக்கும்போது ஓரத்தில் தப்புகிற புகையையும் பிடிக்கும். சாய்ந்த கண்ணாடிப் பலகை போன்ற வடிவம் பார்வைக்கு அழகு. ஆனால் திடீரென்று திரளும் தாளிப்புப் புகையை ஒரு கணம் தாங்கி வைத்துக்கொள்ள, கவிழ்த்த பெட்டி போல் ஆழமான வடிவமே சிறந்தது. அடுப்பின் மேல்தட்டிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் பொருத்துங்கள். கருவியோடு வரும் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். தலையில் இடிக்கிறது என்று மூன்றரை அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டால் எந்த மோட்டாராலும் பயனில்லை. அடுப்பையும் சுவரோரமாகத் தள்ளி வையுங்கள்.

வடிகட்டியில், நம் சமையலுக்கு எஃகுத் தகடுகளால் ஆன பேஃபிள் வகை பொருத்தம். வலை வகையில் துளைகள் விரைவில் அடைத்துக்கொள்ளும். பில்டரே இல்லாத வகையும், ஆட்டோ கிளீன் வசதியும் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. ஆட்டோ கிளீன் என்றால் தானே கழுவிக்கொள்ளும் என்று நினைத்துவிட வேண்டாம். பல கருவிகளில் உள்ளே ஒரு சூடேற்றும் கம்பி பிசுக்கை உருக்கிக் கிண்ணத்தில் வடிய விடுகிறது. கிண்ணத்தை நீங்கள்தான் எடுத்துக் கழுவ வேண்டும். வருடம் ஒருமுறையாவது உள்ளே திறந்து துடைக்கவும் வேண்டும். பேஃபிளை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் சலவை சோடாவும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து ஊறவைத்தால் போதும். அலுமினிய வலையாக இருந்தால் சோடா வேண்டாம், கறுத்துவிடும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன்: உப்புக் காற்றில் வண்ணம் பூசிய இரும்புத் தகடு விரைவில் துருப்பிடிக்கும், 304 தர எஃகுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது.

மின்சாரத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். 200 வாட் கருவியைத் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத ரீடிங்கில் 24 யூனிட் ஆகும்.

அடுப்பைப் பற்றவைப்பதற்குச் சற்று முன்பே சிம்னியைப் போட்டு, இறக்கிய பின்னும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். உள்ளிருந்து காற்று வெளியேற வேண்டுமானால் வேறு வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். ஆகவே கொல்லைக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். ஆனால் அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைத் திறக்காதீர்கள், மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். குறுக்கே வீசும் காற்று புகையைத் தட்டிவிடும். பொருத்தி முடித்ததும் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பின் முன்விளிம்பில் பிடித்துப் பாருங்கள். புகை மேலே வளைந்து உள்ளே போனால் வேலை சரி. உங்கள் முகத்துக்கு வந்தால், பணத்தைக் கொடுக்கும் முன் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையை விட்டுவிட மனம் வரவில்லை. கேஸ் கசிந்த வாடை வந்தால், சிம்னி இழுத்துவிடும் என்று நினைத்து அதன் சுவிட்சைத் தொடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்திருக்கும். சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும் விபத்துக்கு. சிலிண்டர் வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

சகோதரி, அந்தப் புகைக்கூண்டின் அகலத்தை உள்ளே டேப் வைத்து அளந்து எழுதுங்கள். 6 அங்குலக் குழாயும் அதைச் சுற்றி இடைவெளியும் கொள்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். ஓட்டைப் பிரிக்கிற வேலை என்பதால், ஐப்பசி மழை தொடங்கும் முன்பே தச்சரை அழைத்துவிடுங்கள்.