‘மேட் இன் ஜப்பான்’ என்றால் உள்ளே இருப்பது நிக்கான் லென்ஸா?

வணக்கம். லூனாஸிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேள்வி இதுதான்: “அண்ணே, பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் இரண்டு பழைய லென்ஸ் பார்த்தேன். ஒன்று விவிட்டார் 28 எம்எம், மேட் இன் ஜப்பான். உள்ளே இருப்பது நிக்கான் கண்ணாடி, பெயர் மட்டும்தான் வேறு என்கிறார் விற்கிறவர். இன்னொன்று ரோலை 50 எம்எம், அதில் சிங்கப்பூர் என்று போட்டிருக்கிறது. ஜெர்மன் கம்பெனி லென்ஸில் எப்படி சிங்கப்பூர் வரும்? போலியா?”

தம்பி, இரண்டும் அசல்தான். அந்த நிக்கான் கதை மட்டும் தவறு. நீங்கள் அனுப்பிய படத்தில் லென்ஸின் பின்பக்கம் தெரிகிறது. அது நிக்கான் கேமராவில் மாட்டுவதற்காகச் செய்த மவுண்ட். அதைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார். மாட்டுகிற வாய் நிக்கானுக்கு ஏற்றது என்பதால் லென்ஸை நிக்கான் செய்தது என்று ஆகிவிடாது.

விவிட்டார் ஒரு அமெரிக்கப் பெயர். மேக்ஸ் பாண்டர், ஜான் பெஸ்ட் என்ற இருவர் 1938-இல் தொடங்கிய வியாபார நிறுவனத்தின் பிராண்டு அது. அவர்கள் சொந்த ஆலையில் லென்ஸ் செய்யவில்லை. இப்படி இப்படி வேண்டும் என்று ஜப்பானிய ஆலைகளிடம் சொல்லிச் செய்து வாங்கி, தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். எந்த ஆலை செய்தது என்பது 1970, 80களின் விவிட்டார் லென்ஸ்களில் சீரியல் நம்பரிலேயே இருக்கும். 22 என்று தொடங்கினால் கினோ, 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா. 9 என்றால் கோசினா.

உங்கள் லென்ஸின் நம்பர் 28731 என்று ஆரம்பிக்கிறது. முதலில் வரும் 28, 28 எம்எம் என்பதைக் குறிக்கவில்லை, பலர் அங்கேதான் குழம்புகிறார்கள். அது கோமினே ஆலையின் எண். அடுத்த 7 என்பது 1977. அதற்கடுத்த 31 அந்த வருடத்தின் 31-ஆவது வாரம். கோமினே நல்ல ஆலை, அதன் 28 எம்எம் லென்ஸ்களை இன்றும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள். நிக்கான் என்று பொய் சொல்லி விற்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

இதே விவிட்டாரில் சீரீஸ் 1 என்று ஒரு 70-210 ஸூம் உண்டு. முதலில் கினோ செய்தது, பிறகு டோக்கினா, அப்புறம் கோமினே. மூன்றிலும் ஒரே பெயர், மூன்றிலும் ஜப்பான். ஆனால் உள்ளே கண்ணாடி அமைப்பு வேறு வேறு. முதலாவதற்கு 67 எம்எம் ஃபில்டர், இரண்டாவதற்கு 62. நாட்டுப் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும்.

இப்போது ரோலை. ஜெர்மனியில் சம்பளச் செலவு ஏறியதால் அந்த நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் உற்பத்தியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. ரோலை 35 என்ற சின்னக் கேமராவும் அங்கே தயாரானது. உங்கள் 50 எம்எம் லென்ஸின் பெயர் பிளானார், அது ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. முறையாக அனுமதி வாங்கிச் சிங்கப்பூரில் செய்தது. அதே லென்ஸ் ஃபொக்ட்லெண்டர் கலர் அல்ட்ரான் என்ற பெயரிலும் வந்தது, ஏனென்றால் ஃபொக்ட்லெண்டர் என்ற பழைய கேமரா பிராண்டும் அப்போது ரோலையின் கையில் இருந்தது. 1981-இல் ரோலை நொடித்து ஆலையை மூடிவிட்டார்கள், ஆனால் லென்ஸ்கள் இன்னும் வேலை செய்கின்றன. பிற்பாடு இதுவே வேறு மாதிரி நடந்தது. ஃபொக்ட்லெண்டர் என்ற பெயரில் 1999 முதல் லென்ஸ் செய்வது ஜப்பானின் கோசினா. ஸைஸ் பெயரிலும் அதே கோசினா செய்து கொடுத்திருக்கிறது.

நாட்டின் பெயரை ஏன் அச்சிட ஆரம்பித்தார்கள் தெரியுமா? தரத்துக்காக அல்ல. 1887-இல் பிரிட்டன் போட்ட சட்டம் அது. ஜெர்மன் சாமான்களை ஆங்கிலேயர்கள் அடையாளம் கண்டு ஒதுக்கட்டும் என்பது நோக்கம். நடந்தது நேர்மாறு, மேட் இன் ஜெர்மனி என்பதே பெருமையாகிவிட்டது. சுங்க விதிப்படி, ஒரு பொருள் பல நாடுகளில் உருவானால், அதன் தன்மையே மாறுகிற அளவுக்குக் கடைசியாக எங்கே வேலை நடந்ததோ அந்த நாட்டுப் பெயர் வரும். யார் வடிவமைத்தார்கள், கண்ணாடி எங்கே வார்த்தது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது.

இதை நம் பாடாங் செராய் ஆட்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். நம் தோட்டத்துப் பால் எங்கேயோ போய் டயராகி, வேறொரு நாட்டின் பெயரோடு திரும்பி வந்தது. அப்புறம் தோட்டத்திலிருந்து பேக்டரி பஸ் ஏறிய அக்காமார்களை நினைத்துப் பாருங்கள். ஏஎம்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கம்ப்யூட்டர் சில்லுகளில் ‘டிஃப்யூஸ்டு இன் ஜெர்மனி, மேட் இன் மலேசியா’ என்று ஒரே மூடியில் இரண்டு நாடுகளும் அச்சாகி வந்தன. சிலிக்கான் தகட்டில் சுற்றுகளைப் பதித்தது அங்கே, அதைச் சில்லாகப் பொருத்தி முடித்தது இங்கே. லென்ஸிலும் இப்படி இரண்டு வரி போட்டிருந்தால் பாதிக் குழப்பம் இருந்திருக்காது.

ஒரு கடையில் நான் கேனன் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் கேட்டு நின்றபோது, பக்கத்தில் இருந்தவர் அடியில் மேட் இன் மலேசியா என்று பார்த்ததும் “ஜப்பான் செட் இல்லையா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு மனசு வலித்தது. ஷா ஆலமில் கேனனுக்கு ஆலை இருக்கிறது, நம் நாட்டு ஆட்கள் அங்கே வேலை செய்கிறார்கள். எத்தனையோ கல்யாணத்தை நான் அந்த லென்ஸில் எடுத்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சந்தைக்குப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பழைய லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. பின்பக்கமிருந்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் எந்த நாட்டு லென்ஸாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். துவாரத்தைத் திறந்து மூடும் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்து, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ரோலையை எடுங்கள். ஆள் முகம் எடுக்க அதுதான் உதவும். அதன் மவுண்டுக்குக் கியூபிஎம் என்று பெயர். உங்கள் மிரர்லெஸ் கேமராவின் பெயரையும் கியூபிஎம் என்பதையும் சேர்த்துச் சொல்லி அடாப்டர் கேளுங்கள், வெறுமனே ரோலை அடாப்டர் என்று கேட்டால் வேறு எதையாவது கொடுத்துவிடுவார்கள்.