ஒரே கரைக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் பிள்ளைகள்

(மட்டக்களப்பில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, அதிபர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் திகதி நமது பாடசாலைகளில் மரக்கன்றுகள் நடுகிறோம். 1972இல் ஸ்டொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபையின் மனிதச் சுற்றாடல் மாநாடு தொடங்கிய நாள் என்பதால் அது உலகச் சுற்றாடல் தினமாயிற்றே தவிர, நம் மண்ணின் பருவத்தைப் பார்த்து எவரும் அதைத் தெரிவு செய்யவில்லை. கிழக்கிலே ஜூன் என்பது கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசி நிலம் வறளும் காலம்; நமக்குரிய பெருமழை ஐப்பசியிலே தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்றோடு தை வரை பெய்கிறது. ஆகவே வைகாசியில் நட்ட கன்று, தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால், கருகிப்போகிறது. அந்தக் கன்று ஏன் கருகியது என்று பிள்ளைகளையே கேட்டு, மாரி பிறந்ததும் அதே குழியில் இன்னொன்றை நடச்செய்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்வோமானால், பருவக்காற்றைப் பற்றி வரைபடம் கற்பிக்க முடியாத ஒன்றை அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

நான் இங்கே வலியுறுத்த வந்தது ஒன்றே. சுற்றாடல் கல்வி என்பது ஆண்டுக்கு ஒருமுறை பேருந்தேறி நுவரெலியா போய் வருவது அன்று. பாடசாலையிலிருந்து நடந்து போகக்கூடிய ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து, அதே பிள்ளைகள் அதே இடத்துக்கு மாதந்தோறும் சென்று, பார்த்ததையும் அளந்ததையும் ஒரே பதிவேட்டில் எழுதிவருவதுதான் அக்கல்வி. தொலைவிடத்தில் பிள்ளை வியப்படைகிறது, அதுவும் நல்லதே. மாற்றத்தைக் காண்பதற்கோ பழகிய இடம் வேண்டும்.

வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரைப் பாடசாலைகளுக்கு மட்டக்களப்பு வாவியை விடச் சிறந்த வகுப்பறை வேறெது? வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே அம்பாறை மாவட்டத்துக் கல்முனைப் பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் இந்த நீர்ப்பரப்பு, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கோடையில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைப்பதும், மாரி வெள்ளம் வயல்களில் ஏறும்போது அதை வெட்டிவிடுவதும், வெட்டியதும் நீரின் உவர்ப்பு மாறுவதும் நம் பிள்ளைகள் கேள்விப்பட்ட செய்திகள்; அளந்து அறிந்தவை அல்ல. ஓர் உலோக மூடியை வெள்ளையும் கறுப்புமாகக் கால்வட்டங்களாகத் தீந்தை பூசி, அடியில் பாரம் கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொண்டால் அதுவே நீரின் தெளிவை அளக்கும் கருவி. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான செக்கி 1865இல் செய்துபார்த்த, தட்டை இறக்கி அளக்கும் இந்த முறையை இன்றும் ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர். ஆவணியில் எடுத்த அளவையும் கார்த்திகை வெள்ளத்தில் எடுத்த அளவையும் அருகருகே எழுதிய பிள்ளை, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களிலிருந்து மண் எங்கே போகிறது என்ற கேள்வியைத் தானாகவே கேட்கும். நீரில் மிதக்கும் களையான ஆற்றுவாழை எந்த மாதங்களில் பரவுகிறது, உவர்நீர் புகுந்ததும் அது என்னவாகிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதலாம்.

கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய் போல் நீண்டு தொங்குவது காயன்று, தாய்மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்று என்பதைக் கையில் தொட்டுப் பார்த்த பிள்ளை மறப்பதில்லை. சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களை எண்ணலாம். அவற்றிடையே ஒதுங்கும் இறால் குஞ்சுகளையும் நண்டுகளையும் பார்க்கலாம். தில்லை மரத்தின் பால் கண்ணில் படக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் ஆசிரியர் ஒருவரே சொல்ல வேண்டியதில்லை. வீச்சுவலையோடு வாழ்நாளைக் கழித்த ஐயா ஒருவரை அழைத்து வந்து அமர்த்துங்கள். நீரோட்டத்தைப் பற்றி அவர் அறிந்தது எந்தப் பாடநூலிலும் இல்லை.

படுவான்கரைப் பிள்ளைகளுக்கு வயலும் குளமும் உண்டு. நகரத்துப் பிள்ளை குடிக்கும் குழாய்நீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிறது என்பதையே தொடக்கமாகக் கொள்ளலாம்.

அம்பாறைக் கரையில் கற்க வேண்டியது வலிக்கும் பாடம். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் சேர, வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போயின. அப்பகுதிப் பிள்ளைகள் நிலையான ஒரு சுவரிலிருந்து நீர்விளிம்பு வரை, கடல் அமைதியான நாட்களில், மாதமொருமுறை நாடாவால் அளந்து வரட்டும். தம் ஊருக்கு நேர்ந்ததை அவர்கள் இலக்கங்களோடு பேசுவார்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. வாவியில் முதலைகள் உண்டு. எனவே பிள்ளைகள் நீரில் இறங்கக்கூடாது, அளவுகளை இறங்குதுறையிலிருந்து பெரியவர் துணையோடு மட்டுமே எடுக்க வேண்டும். ஐப்பசியில் பிற்பகல் இடிமின்னல் அடிக்கடி வரும். ஆதலால் காலையிலேயே போய்த் திரும்ப வேண்டும்.

பரீட்சையைப் பற்றிய அச்சம் இதைவிடப் பெரியது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளை படிக்கையில் வெளியே நடத்திக்கொண்டு போகலாமா என்கிறார்கள். 1977இல் ஜோர்ஜியாவின் திபிலிசி நகரில் கூடிய உலக மாநாடு சுற்றாடல் கல்வியின் நோக்கங்களாக விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு ஆகிய ஐந்தையும் வைத்தது. வினாத்தாள் பெரும்பாலும் அறிவை மட்டுமே அளக்கிறது. ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கையில், செயற்பாட்டை நீக்கிவிட்டுக் குறிப்பை மட்டும் மனனஞ் செய்விப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே அதிபர்களிடம் என் வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு நாள், காலையில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகளை நேரசூசியிலேயே இதற்காக ஒதுக்கித் தாருங்கள். பதிவேட்டை மாணவரிடம் கொடுத்தனுப்பாமல் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகள், முன்னவர் நிறுத்திய பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கட்டும்.