பெருந்தொற்று நாள்கள்: ஒரே தாளில் எட்டுப் பக்கக் கையெழுத்துப் பத்திரிகை

[திரையில்: ஒரு ஏ4 தாள், கறுப்பு மார்க்கர், 2020ஆம் ஆண்டுச் செய்தித்தாளின் நகல்]

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. பள்ளிகள் மூடிக் கிடந்த உச்சக்கட்டத்தில், 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வகுப்புக்குப் போக முடியாமல் இருந்தார்கள் என்கிறது யுனெஸ்கோ. அவர்களில் பலர் அன்று சின்னக் குழந்தைகள், இன்று பதின்பருவத்தினர். பார்த்ததை எழுதவும் வரையவும் இப்போதுதான் அவர்களுக்குக் கை கூடியிருக்கிறது. அப்படி ஒரு குழுவோடு உட்கார்ந்து கையெழுத்துப் பத்திரிகை செய்ய வைக்கப் போகிறவர்களுக்கு இது.

ஆனால் "கொரோனாவைப் பற்றி ஒரு கவிதை எழுது" என்று சொல்லிவிட்டால் காரியம் கெட்டது. முள் முளைத்த பந்து, மாஸ்க் போட்ட பூமி உருண்டை, "வெல்வோம்" என்று ஒரு வரி. இவை சுவரொட்டிக்குப் பொருந்தும். அந்தப் பிள்ளை வாழ்ந்த நாள் அதில் இருக்காது. அதனால் இந்த மூன்றும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

[திரையில்: நாற்காலி, கம்பளி, கலைந்த படுக்கை – கோட்டோவியம்]

1919இல் நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க், அன்றைய பெருந்தொற்றான ஸ்பானிஷ் காய்ச்சலோடு தன்னையே வரைந்தார். அந்த ஓவியத்தில் கிருமி இல்லை, கூட்டம் இல்லை. பிரம்பு நாற்காலி, காலில் போர்த்திய கம்பளி, பின்னால் படுக்கை, திறந்த வாய். அவ்வளவுதான். ஒரு அறையும் ஒரு பொருளும் போதும்.

எனவே முதல் பத்து நிமிடம் பொருள்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். காதில் இழுத்த மாஸ்க் கயிறு, ஆன்லைன் வகுப்புக்கு உட்கார்ந்த மூலை, திரையில் கறுப்புச் சதுரமாகத் தெரிந்த நண்பன். ஒருவருக்கு 12 பொருள். சோகம், பயம், தனிமை போன்ற சொற்கள் இந்தப் பட்டியலுக்குள் வரக் கூடாது. அப்போது ஐந்தாறு வயதாக இருந்தவர்களுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு வரும். சானிடைசர் வாசனை, ஈரக் கை. அதுவே நல்ல மூலப்பொருள். "அது அந்த வருஷம் இல்லையே" என்று திருத்தாதீர்கள்.

[திரையில்: செய்தித்தாள் நகலில் பென்சில் கட்டங்கள்]

எழுத வராது என்று தயங்குகிறவர்களுக்குப் பிளாக்அவுட் கவிதை நல்ல வாசல். அச்சான பக்கத்தில் வேண்டிய சொற்களை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கறுப்பால் மூடுவதுதான் இது. அசல் செய்தித்தாளில் நேராகச் செய்யாதீர்கள். மெல்லிய தாள் என்பதால் மை பின்பக்கம் கசியும், நாளடைவில் மஞ்சளாகவும் ஆகும். நகல் எடுத்து, அடியில் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு ஒன்று இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "ஜன்னல், கதவுகளைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் ஏற்படுத்தவும், வெளியாட்கள் வருகையைத் தவிர்க்கவும்." முதலில் பென்சிலால் கட்டம் போடுங்கள். தமிழில் ஒரு வசதி, சொல்லின் வாலை வெட்டிவிடலாம். "கதவுகளை" என்பதில் "கதவு" மட்டும், "வெளியாட்கள்" என்பதில் "வெளி" மட்டும், "வருகையை" என்பதில் "வருகை" மட்டும் நிற்கட்டும். ஆனால் "காற்றோட்டம்" என்பதிலிருந்து "காற்று" கிடைக்காது. "றோ" என்ற ஒரே எழுத்துக்குள் இரண்டு சொல்லும் பூட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே கத்தி வைத்தால் அரைகுறைச் சொல்தான் மிஞ்சும், விட்டுவிடுங்கள்.

[திரையில், ஒவ்வொரு சொல்லாக: கதவு / திறந்து / வெளி / வருகை]

யாரும் வராதீர்கள் என்ற அறிவிப்பு, வெளியை உள்ளே கூப்பிடுகிறது. இப்படி எதிர்ப்பக்கம் திரும்பும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்திலிருந்து இருபது சொல் போதும், அதற்கு மேல் போனால் செய்தியே மறுபடி எட்டிப் பார்க்கும். மூடும்போது சொல்லைச் சுற்றி 2 மில்லிமீட்டர் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மை பரவி எழுத்தைத் தின்றுவிடும்.

படத்துக்கு ஒரே பயிற்சி: கண்ணைப் பொருளிலிருந்து எடுக்காமல், பேனாவைத் தாளிலிருந்து தூக்காமல், ஐந்து நிமிடம் வரைவது. கோணலாகத்தான் வரும். "எனக்கு வரைய வராது" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

[திரையில்: தாளை மடிக்கும் கைகள், மேலிருந்து]

இனிப் பத்திரிகை. 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) ஏ4 தாள் எடுங்கள், அதைவிடத் தடிமன் என்றால் மடிப்பு விம்மும். நீளவாட்டில் ஒரு மடிப்பு, குறுக்கில் எதிரெதிராக மூன்று மடிப்பு. விரித்தால் எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் சுமார் 74க்கு 105 மில்லிமீட்டர். இப்போது குறுகிய ஓரங்கள் சேரும்படி பாதியாக மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்பு வரை, 74 மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் நடுவில் பிளவு விழாது, தாள் வீண்.

விரித்து, நீளவாட்டில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளுங்கள். நடுப்பகுதி கூட்டல் குறியாகத் திறக்கும், அதை ஒரு பக்கமாகச் சாய்த்தால் புத்தகம். பக்க எண்ணைப் பென்சிலால் இப்போதே போட்டுவிட்டுத் தாளை விரியுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து 8, 1, 2, 3. மேல் வரிசையில் 7, 6, 5, 4, தலைகீழாக.

ஓரத்தில் 8 மில்லிமீட்டர் காலியாக இருக்கட்டும், நகல் இயந்திரம் விளிம்பை அச்சிடாது. பென்சில் எழுத்து நகலில் மங்கும், கறுப்பு ஜெல் பேனா எடுங்கள். மெய்யெழுத்துப் புள்ளிகளை அழுத்தி வையுங்கள். நகலில் முதலில் காணாமல் போவது அவைதான்.

[திரையில்: மூடிய உறை]

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. அந்த நாள்களில் வீட்டில் ஒருவரை இழந்தவர் குழுவில் இருக்கக்கூடும். வாசித்துக் காட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பத்திரிகையில் வர வேண்டாம் என்று நினைக்கிற பக்கத்தைப் போட ஓர் உறை இருக்க வேண்டும், அதை யாரும் பிரிக்கக் கூடாது. ஒருவர் அழுதால் உடனே கவிதையைப் பாராட்டாதீர்கள், கூட இருங்கள். மனநல ஆலோசகர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். மருத்துவமனைச் சீட்டை ஒட்டினால் பெயரையும் எண்ணையும் மறையுங்கள்.

எட்டாம் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளைக் குறியுங்கள்: நினைவு எந்த ஆண்டினது, எழுதியது எந்த ஆண்டில். எழுதி முடித்ததும், மறுபடி புத்தகமாக மடிப்பதற்கு முன்பே விரித்த தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்துவிடுங்கள். திரும்பத் திரும்ப மடித்து மடிப்புக் கோடுகள் ஆழமான பிறகு எடுத்தால் அவை எழுத்தின் மேல் நிழலாக விழும்.